நாலாம் நம்பர் பெட்டுக்குப் போன முட்டைகள்

1. தராசு பொய் சொல்லுமா?

தீக்காய வார்டில் திங்கட்கிழமை என்றால் எடை போடும் நாள். பழைய டிரெஸ்ஸிங்கைப் பிரித்து, காயத்தைக் கழுவி, புதுக் கட்டுப் போடுவதற்கு முன்னால் ஆளை நிறுத்தி எடை பார்ப்போம். ஈரக் கட்டோடு பார்த்தால் தாராளமாகக் கூடக் காட்டும். அதை நம்பி ஏமாந்து திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

அன்றைக்கு நாலாம் நம்பர் பெட் ஏழுமலை ஐம்பத்தைந்து கிலோ இருந்தார். போன திங்கள் அறுபது. ஒரே வாரத்தில் ஐந்து கிலோ! தராசை எட்டி உதைக்காத குறைதான். நானே ஏறிப் பார்த்தேன். என் எடை துளியும் குறையவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். மூன்றாம் நம்பர் பெட் ரஹீம் பாயை ஏற்றினேன். பாய் போன வாரத்தைவிட ஒன்றரை கிலோ கூடியிருந்தார். ஆக, தராசு ஒழுங்காகத்தான் இருந்தது.

ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன் என்னைத்தான் பிடித்தார்.

"ஏம்மா, நீ குடுக்கிற டயட்டுல ஆளு தேறணுமா, கரையணுமா?"

"சார், சார்ட்ல எல்லாம் கரெக்டா இருக்கு. ஆறு முட்டை, ஒரு லிட்டர் பால், மீன், பருப்பு. எல்லாத்துக்கும் டிக் இருக்கு சார்."

"டிக்கை வச்சா நான் தோலை ஒட்ட முடியும்? ரத்தத்துல ஆல்புமின் புரோட்டீன் ரெண்டு புள்ளி நாலுதான். இதுல கிராஃப்ட் வச்சா ஒரு இஞ்ச் புடிக்காது. அந்த இடது கையில தோல் மூடலைன்னா கிருமி உள்ள போயிடும். அப்புறம் கையைப் பத்திப் பேச வேண்டியதில்லை, ஆளே இருக்க மாட்டான்."

எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது சிவந்துவிட்டது. சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலை முட்டை, டிக். பதினோரு மணி முட்டை, டிக். மீன், டிக். இவ்வளவும் சாப்பிட்டவர் எப்படி இளைப்பார்? ஒன்றுமே புரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் டயட்டீஷியன். 2004-இல் கடலூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், சர்க்கரைக்காரர்களிடம் "உருளைக்கிழங்கு வேணாம்" என்று சொல்லும் வேலையில் ஆரம்பித்தேன். அப்புறம் சிதம்பரத்தில் தீக்காய வார்டு இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறினேன். பேர் வேண்டாம். நான் சொல்வது 2007 கோடையில் நடந்தது. ரயில் பாதையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போவேன்.

பெரிய தீக்காயம் பட்டவருக்கு வெளியே நெருப்பு அணைந்தாலும் உள்ளே அடுப்பு அணையாது. உடம்பு தன் சதையையே விறகாகப் போட்டு எரிக்கும். அதனால் உடம்பு எடைக்கு ஒரு கணக்கு, வெந்த பரப்புக்கு ஒரு கணக்கு போட்டுக் கூட்டுவோம். ஏழுமலை வந்தபோது அறுபத்திரண்டு கிலோ, முப்பது சதவீதக் காயம். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது கலோரி, நூற்றிருபது கிராம் புரோட்டீன் என்று கணக்கு வந்தது. படுத்துக்கொண்டே ஒருவர் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். வலியிலும் பயத்திலும் அது லேசில் இறங்காது. இறக்க வைப்பதுதான் என் வேலை.

2. சைவமா, அசைவமா?

ஏழுமலை நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம். கரும்பு லோடு அடிக்கும் டிராக்டர் டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கை முழுவதும், நெஞ்சில் இடப்பக்கம், இரண்டு முழங்கால், அதற்குக் கீழே. வலது கை மட்டும் தப்பித்திருந்தது. கரும்பு வெட்டிய வயலில் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தும்போது காற்று திரும்பி மாட்டிக்கொண்டார் என்று அவர் மச்சான் சங்கர் சொன்னான். சங்கர், பெண்டாட்டியின் அண்ணன். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சர்ஜன் மட்டும் ஒருநாள் காயத்தைப் பார்த்துவிட்டு, "சோகைத் தீ மேலால தீய்ச்சுட்டுப் போவும். இது ஏதோ அடுப்பு மேலயே விழுந்தாப்ல இருக்கே" என்றார். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். காயம் எப்படி ஆனால் எனக்கென்ன, சாப்பாடுதானே என் வேலை என்று நினைத்தேன்.

சாப்பாட்டு விவரம் கேட்டது அவர் மனைவி அஞ்சலையிடம். வார்டுக்குள் விசிட்டர் கிடையாது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். அந்த ஜன்னல் ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"சைவமா, அசைவமா?"

அஞ்சலை பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அசைவந்தாங்க. மீனு இல்லன்னா சோத்தைத் தொட மாட்டாரு."

"முட்டை?"

"அதெல்லாம் நல்லா துன்னுவாரு மேடம்."

அசைவம் என்று எழுதினேன். ஆறு முட்டை போட்டேன். அவள் ஏன் அண்ணனைப் பார்த்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

3. வெறும் பால்தாங்க

எடை குறைந்த அன்றே சர்ஜன் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் போடச் சொன்னார். வாயால் சாப்பிடுவதோடு ட்யூப்பிலும் கொடுத்தால் எப்படிக் குறையும், பார்த்துவிடலாம் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டேன்.

ட்யூப் போட ஏழுமலை முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"இதுல என்னா மேடம் இருக்கு?"

"பால், சக்கரை, கொஞ்சம் எண்ணெய்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க."

திங்களும் செவ்வாயும் இது உண்மை. ஆனால் பாலில் மட்டும் என் புரோட்டீன் கணக்கு எட்டாது. புதன்கிழமை அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, பாலோடு கலந்து எடுத்துப் போனேன். முட்டை என்று சொன்னாலே அவர் முகம் சுருங்குவதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். வாடை பிடிக்கவில்லை போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"இதுல என்னா மேடம் இருக்கு?"

"வெறும் பால்தாங்க."

சொல்லிவிட்டேன். அவர் நல்லதுக்குத்தானே, ட்யூப்பில் போவது நாக்குக்கா தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வார்டிலிருந்து போன். ஓடினேன். ஏழுமலை கையில் ட்யூப். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து கட்டெல்லாம் சிவப்பு. வார்டு ஆயா முனியம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம்! 'முட்டையெல்லாம் அரைச்சு ஊத்துறாங்க, இனிமே சட்டுனு தேறிடுவீங்க'ன்னுதான் சொன்னேன். புடிச்சு இழுத்துட்டாரு!"

ஏழுமலை என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகை கட்டின முகம்.

"படிச்சவுங்க நீங்களே பொய் சொல்றீங்களே மேடம்."

அதற்குப் பிறகு என் கையால் கொடுத்த பாலைக்கூட வாங்கவில்லை. தண்ணீரைக்கூட முனியம்மாதான் கொடுக்க வேண்டியிருந்தது. சர்ஜன் மனநல டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து, "தீக்காயத்துல மூளை குழம்புறது சகஜம்" என்று எழுதிவிட்டுப் போனார். குழம்பியது யார் மூளை என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மீன் இல்லாமல் சோறு தொடாதவர், நாளுக்கு ஆறு முட்டை தின்கிறவர், பாலில் கரைத்த வெள்ளைக்கருவுக்கு ஏன் மூக்கைக் கிழித்துக்கொள்கிறார்? பஸ்ஸில் வரும்போது இதே யோசனையில் மஞ்சக்குப்பத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை போய்விட்டேன்.

4. பாய் சொன்னதும் பட்டியலில் இருந்ததும்

வெள்ளிக்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தவுடன் ரஹீம் பாய் கூப்பிட்டார். பாய் சிதம்பரத்தில் கல்யாணப் பிரியாணி மாஸ்டர். தோளிலும் வலது கையிலும் காயம், எழுந்து நடமாடுவார்.

"யம்மா, ஒரு விசயம். திட்டக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"அந்த முட்டையெல்லாம் நான்தாம்மா துன்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்த முட்டை?"

"நாலாம் நம்பர் முட்டை. அல்லா மேல ஆணையா நானாக் கேக்கல. அவராத்தான் கையெடுத்துக் கும்புட்டுக் குடுத்தாரு. 'கொட்டினா மேடம் மனசு கஷ்டப்படும், நீங்க சாப்டுருங்க பாய்'ன்னாரு. உணவைக் கொட்டுறது பாவம், துன்னுட்டேன்."

"மீனு?"

"மீனும்தான்."

"அறிவிருக்கா பாய் உங்களுக்கு?"

"இருந்தா கொதிக்கிற தேக்சாவை மேல கவுத்துக்குவேனாம்மா?"

சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "காலையில இட்லியாவது அவரு சாப்பிட்டாரா?"

பாய் முனியம்மா பக்கம் தலையைத் திருப்பினார். முனியம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனியம்மா!"

"பசிக்கலன்னாரு மேடம். சூடா இருந்துச்சு. தட்டு காலியாத்தான இருந்துச்சு, டிக் போட்டேன்."

எங்கள் வார்டில் வழக்கமே அதுதான். தட்டு காலியாக இருந்தால் ஆயா டிக் போடுவார், சிஸ்டர் கையெழுத்துப் போடுவார், நான் அதைக் கலோரியாக்கிக் கூட்டுவேன். மூன்று வாரமாக நான் கூட்டிக்கொண்டிருந்தது ரஹீம் பாயின் வயிற்றையும் முனியம்மாவின் வயிற்றையும். பாய் ஒன்றரை கிலோ கூடியது என் கண் முன்னாலேயே இருந்தது. மரமண்டை, மரமண்டை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சரி, ஏழுமலை நிஜத்தில் சாப்பிட்டது என்ன? மத்தியானம் பருப்புச் சோறு ஒரு வேளை, நடுவில் எப்போதாவது பால், வாழைப்பழம். அவ்வளவுதான். ஏன் என்று பாய்க்கும் தெரியவில்லை.

கணக்கை முதலிலிருந்து போடலாம் என்று அவர் வந்த அன்று எழுதின எடையைத் தேடி பழைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். அவசரப் பிரிவில் நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதுவார்கள். வழக்கமாக அதை நான் படிப்பதில்லை. அன்று கண்ணில் பட்டது. 'மஞ்சள் வேட்டி ஒன்று, எரிந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று, வீக்கம் காரணமாகக் கத்தரிக்கப்பட்டது.'

சோகை கொளுத்தப் போகிறவர் மஞ்சள் வேட்டியா கட்டுவார்? பட்டியலை முனியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒண்ணும் பண்ணல என்ற அவருடைய பழைய பயமெல்லாம் போய்விட்டது.

"ஐய, மேடம்! அது சோகை கொளுத்துற துணியா? அம்மன் கோயில்ல தீ மிதிக்கிற துணி. கயிறு, காப்புக் கயிறு. சித்திரை கடைசியில அந்தப் பக்கமெல்லாம் தீமிதிதான். ஆளு குழியில வுழுந்திருக்காரு!"

நான் கத்தோலிக்கக் குடும்பம். தீமிதி என்றால் பஸ்ஸை வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

5. வெட்டினாங்க, அவுக்கல

ஏழுமலை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏழுமலை, பால்ல முட்டை கலந்தேன். இல்லைன்னு சொன்னது பொய்தான். தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க தீ மிதிச்சதும் தெரிஞ்சுபோச்சு."

திரும்பினார். முதலில் பயம். "மேடம், போலீஸ்ல சொல்லிராதீங்க. கோயிலுக்குக் கேஸ் வந்துரும், அடுத்த வருசம் திருவிழாவே நின்னுரும்னு மச்சான் சொன்னாரு."

"போலீசுக்கும் எனக்கும் என்ன? நான் சோத்துக்காரி. முட்டை ஏன் திங்கல, அதைச் சொல்லுங்க."

சொன்னார். அவர் மகளுக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. கண் செருகி, நுரை தள்ளி, அப்பன் மடியில் கிடந்து துடிக்கும். புள்ளைக்கு நின்றால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். இரண்டு வருஷம் மிதித்தார். வலிப்பும் வரவில்லை. இது மூன்றாவது வருஷம்.

"பாதிக் குழி தாண்டிட்டேன் மேடம். முழங்கால் மடங்கிடுச்சு. எப்படின்னே தெரியல."

"சரி. அதுக்கும் முட்டைக்கும் என்ன?"

"காப்பு கட்டினா அவுக்கிற வரைக்கும் கவுச்சி தொடக் கூடாது. ஒருபொழுதுதான் சாப்புடணும். தீ மிதிச்ச மறுநாளு பூசாரி அவுத்துடுவாரு. எனக்கு அவுக்கலியே."

"கயிறுதான் கையில இல்லையே? அன்னிக்கே எடுத்துட்டாங்களே?"

"வெட்டினாங்க மேடம். அவுக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உசிரு போயிரும்யா! தெரியுதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். தீயில வுழுந்தவனை ஊர்ல என்னா சொல்லுவாங்க தெரியுமா? விரதத்துல தப்புப் பண்ணிட்டான், அதான் அம்மன் தள்ளிடுச்சும்பாங்க. நான் ஒரு தப்பும் பண்ணல. ஒரு பீடிகூடக் குடிக்கல. இப்ப முட்டை துன்னா, பண்ணினதா ஆயிடும் இல்ல? எனக்கு என்னா ஆனா என்னா, புள்ளைக்குத் திரும்ப வந்துட்டா?"

வலிப்புக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று வாய் வரை வந்தது. அந்தப் பிள்ளை கடலூர் பெரியாஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று பின்னால் அஞ்சலை சொன்னாள். எதையும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரிய வெள்ளி வந்தால் எங்கள் வீட்டிலும் ஒரே வேளைதான் சாப்பாடு. நாங்கள் அதை ஒருசந்தி என்போம். ஆறு வயதிலிருந்து ஒருசந்தி இருப்பவள் நான். அப்படிப்பட்ட எனக்கே, கண்ணெதிரில் ஒருவர் மூன்று வாரமாக அதையே செய்வது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

6. கயிற்றை வேக வைத்தோம்

சர்ஜனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதான பாத்தேன், சோகைத் தீ இல்லன்னு. பூசாரியக் கூட்டிட்டு வாம்மா. கதையடிச்சிக்கிட்டு நிக்காத."

சனிக்கிழமை அஞ்சலையோடு நெல்லிக்குப்பம் பஸ் ஏறினேன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று நின்று அவளும் பாதியாகியிருந்தாள். "அண்ணன் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கிட்டேன் மேடம். விரதத்துலதான் இருக்காருன்னு எனக்குத் தெரியாது. ஆசுபத்திரியில குடுக்கிறதைத் துன்றாருன்னுதான் நெனைச்சேன்" என்று வழியெல்லாம் அழுதாள்.

பூசாரி கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆள். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னுமா அவன் வெரதத்துல இருக்கான்?"

"நீங்க அவுக்கலைன்னு சொல்றாரு."

"யாரும் ஆசுபத்திரிப் பக்கமே போவக் கூடாதுன்னு சங்கரு சொல்லிட்டாம்மா. விழுந்தவனுக்குக் காப்பு அவுத்தா ஊரு ஒரு மாதிரி பேசும்னு நானும் இருந்துட்டேன்." மண்ணைக் கிளறினார். "அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. குழியில ஒரு பக்கம் கங்கு குமிஞ்சு கெடந்துச்சு. பாத்தேன். பரத்திவிடுங்கடான்னு சொல்லாம உட்டது நான்தான்."

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து நின்றார். குளித்து, விபூதி பூசி, கையில் மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம், கற்பூரம். வார்டு சிஸ்டர் விமலா வாசலை மறித்துக்கொண்டார்.

"இது வார்டா, கோயிலா? செருப்பையே வெளியில விடச் சொல்றோம். எலுமிச்சம்பழமும் கற்பூரமுமா? அந்தக் கயிறு எத்தனை பேரு கையில பட்டதோ!"

சிஸ்டர் சொன்னதும் நியாயம்தான். தோல் இல்லாத உடம்புக்கு ஒரு கயிற்றுக் கிருமி போதும். கடைசியில் சிஸ்டரே வழி சொன்னார். கற்பூரம், எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் வெளியில். கயிறு மட்டும் டிரெஸ்ஸிங் துணிகளோடு ஆட்டோக்ளேவில் போகும். அதாவது நீராவியில் அழுத்தி வேகவைக்கும் இயந்திரம். கயிறு திரும்பி வந்தபோது மஞ்சளெல்லாம் கறுத்துப் பழுப்பாகியிருந்தது. பூசாரி ஒத்துக்கொள்வாரா என்ற சந்தேகத்தோடு அவரிடம் காட்டினேன்.

"என்னாம்மா, கயித்த வேகவச்சுட்டீங்க?"

"கிருமி சாவறதுக்குங்க."

"நல்லது. அம்மனுக்கும் சுத்தம்தான் புடிக்கும்."

கவுன், மாஸ்க், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி உள்ளே அனுப்பினோம். ஏழுமலைக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். பூசாரி வேண்டாம் என்று தோளைத் தொடப்போய், எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். வலது மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினார். ஏதோ முணுமுணுத்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். கையுறையோடு அது லேசில் அவிழவில்லை. வார்டே எட்டிப் பார்த்தது. பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏழுமல, வெரதம் முடிஞ்சுதுடா. நீ ஒரு கொறையும் வெக்கல. கங்கைப் பரத்தாதது என் தப்பு. புள்ளைக்கு ஒண்ணும் வராது. ஆத்தா சாட்சியா நான் சொல்றேன்."

ஏழுமலை சத்தம் போட்டு அழுதார். மூன்று வாரமாக டிரெஸ்ஸிங் பிரிக்கும்போதுகூட அப்படி அழுததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஞ்சலையும் அழுதாள்.

நான் டம்ளரோடு ஓரமாக நின்றேன். கொடுக்கலாமா, வாங்குவாரா, எதுவும் தெரியவில்லை. அவரே என் பக்கம் திரும்பினார்.

"இன்னான்னு சொல்லிக் குடுங்க மேடம்."

"முட்டை. நாலு வெள்ளைக்கரு, ஒரு மஞ்சக்கரு, பால், சக்கரை, ஏலக்காய். வேற ஒண்ணும் இல்ல."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். டம்ளர் காலியானதை என் கண்ணால் பார்த்தேன். டிக்கை நானே போட்டேன்.

ஆல்புமின் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. கிராஃப்ட் வைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. தோல் முக்கால்வாசி பிடித்தது. இடது கையில் இரண்டு விரல் மடங்காது, ஆனாலும் கை பிழைத்தது, ஆளும் பிழைத்தார். கயிறுதான் காப்பாற்றியது என்றார் முனியம்மா. சர்ஜன் புரோட்டீன் என்றார். தான் ஓதினதுதான் என்றார் ரஹீம் பாய். எனக்குப் புரோட்டீன் கணக்கு தெரியும். ஆனால் கயிறு அவிழ்ந்த அன்று மத்தியானம் அவர் குறட்டை விட்டுத் தூங்கினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றும் குழப்பம்தான்.

7. நாட்டுக்கோழி முட்டை

அதற்கப்புறம் இரண்டு பழக்கம் வந்தது. தட்டைப் பார்த்து டிக் போடுவதில்லை, ஆள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான். எதைக் கொடுத்தாலும் இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். புதிதாக வந்த பிள்ளைகள், "மேடம் என்ன, ஓட்டல் சர்வர் மாதிரி ஒப்பிக்கிறாங்க" என்று கேலி பண்ணும். பண்ணட்டும்.

2012-இல் நான் கடலூருக்கே திரும்பி, மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம். ஒருநாள் காலை ஏழுமலை வந்து நின்றார். சதை போட்டிருந்தார். டிராக்டர் ஓட்டுகிறாராம். பெண் ஆறாவது படிக்கிறதாம். வலது கையில் ஒரு தூக்குவாளி, அதற்குள் வைக்கோல் போட்டு இருபது முட்டை.

"நம்ம வூட்டுக் கோழி மேடம். நாட்டுக்கோழி முட்டை. வேற ஒண்ணும் கலக்கல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எங்களுக்குத் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் எப்படிச் சொல்வது? வாங்கி யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாய் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னேன்.

"ஏழுமலை, தப்பா நினைக்காதீங்க. நான் இப்ப விரதத்துல இருக்கேன். முட்டை தொடக் கூடாது."

அவர் முகம் சுருங்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பரவாயில்லை, வச்சுக்குங்க என்று வற்புறுத்தவும் இல்லை. தூக்கின் மூடியைப் பதமாக அழுத்தி மூடினார்.

"எப்ப மேடம் முடியுது?"

"ஈஸ்டர் அன்னிக்கு. இன்னும் நாலு வாரம் இருக்கு."

"அப்ப அன்னிக்குப் புதுசா கொண்டாறேன்" என்று தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நான் படித்த படிப்பில் அந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் இல்லை. எப்ப முடியுது என்று முதல் நாளே நான் அவரிடம் கேட்டிருந்தால் மூன்று வாரமும் ஒரு பொய்யும் மிச்சமாகியிருக்கும். ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சுதா மேடம்?" என்றார். முடிந்தது என்றேன். அப்புறம்தான் மூடியைத் திறந்தார்.